பாரன் தீவும் ஒரு பொட்டலம் கரிசலும்

1996 பிப்ரவரியில் நான் அந்தமானுக்குப் போனதற்குக் காரணம் எரிமலை மேல் உள்ள ஆசை என்று ஊரில் சொல்லிவைத்திருந்தேன். உண்மையான காரணம் வயிற்றெரிச்சல். திருச்சுழியில் பதினொரு வருஷமாக எரிமலைப் பாடம் நடத்தும் வாத்தியார் நான். கரும்பலகையில் சாக்பீஸால் புகை விட்டதுதான் மிச்சம். பாளையம்பட்டி செய்யதோ, பத்தாம் வகுப்பில் என் பூகோளப் பேப்பரைப் பார்த்து எழுதிப் பாஸானவன், போர்ட் பிளேரில் படகு இஞ்சின் டிரைவராகி மூன்று தடவை பாரன் தீவில் இறங்கிவிட்டான். ஒவ்வொரு தடவையும் கடிதம் வேறு போடுவான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

கடைசியில் அவனே வரச்சொல்லி எழுதினான். அருப்புக்கோட்டையில் மதியம் இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் காரியாபட்டி வழியாக மதுரை, ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ரயிலில் சென்னை, பிறகு மூன்று நாள் கப்பல். பங்க் டிக்கெட்டே போதும், அடித்தளத்தில் வரிசையாகப் போட்ட படுக்கைகளில் ஒன்று கிடைக்கும். கப்பல் குமட்டலுக்கு எலுமிச்சம்பழம் ஒரு டஜன் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளாமல் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

போர்ட் பிளேரிலிருந்து தீவு ஏறக்குறைய 140 கிலோமீட்டர். சரணாலயம் என்பதால் யாரும் இறங்கக் கூடாது. செய்யது ஓட்டியது ஓர் ஆய்வுக் குழுவின் படகு. பை தூக்கும் ஆள் என்று என் பெயருக்கும் முறையாக அனுமதி வாங்கியிருந்தான். அதற்காக ஏழு மாதம் அலைந்தானாம். நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விடியும்போது தீவு முன்னால் நின்றது. மூன்று கிலோமீட்டர் அகலம்தான். சுற்றிலும் பழைய எரிமலையின் சுவர், மேற்கே மட்டும் உடைந்து திறந்திருக்கிறது. நடுவில் சாம்பல் கூம்பு, அதன் தலையில் ஆவி. 1991இல் விழித்தபோது வழிந்த குழம்பு அடுப்புக்கரியைக் கொட்டியதுபோல் கடல் வரை கிடக்கிறது. நாம் பார்ப்பது உச்சி மட்டும்; அடிவாரம் கடலுக்குள் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில். சுவரின் பச்சையில் ஆடுகள் மேய்ந்தன, எந்தக் காலத்திலோ யாரோ விட்டுப்போனவை.

இறங்குமுன் செய்யது என்னைச் செருப்பைக் கழுவச் சொன்னான், பையை உதறச் சொன்னான். உதறியபோது என் பொட்டலம் விழுந்தது.

"ஏலே, என்னது இது?"

"நம்மூரு கரிசல்டா. இங்கன உள்ள மண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பாக்கணும்."

கரிசல் எரிமலைக் குழம்பில் பிறந்தது என்று பாடத்தில் இருக்கும். நம் ஊர்க் கரிசல் அப்படியில்லை, அடியில் கிடக்கும் பழைய பாறை உதிர்ந்து வந்தது என்றும் சொல்வார்கள். நேரில் பார்த்துத் தீர்த்துவிடலாம் என்று கண்மாய்க்கரையில் அள்ளி வந்திருந்தேன். செய்யது பொட்டலத்தைப் பிரித்து விரலால் கிளறினான். மூன்று விதைகள்.

"சீமக்கருவேலு. ஆட்டுப் புழுக்கையோட அள்ளிட்டு வந்திருக்க. அங்கன ஆடு நிக்கிது, பாத்தியா? நம்ம கண்மாய அது என்ன பாடு படுத்துச்சுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"கடல்ல கொட்டிருவோம்டா."

"ஒம் பையி, சட்ட மடிப்பு எல்லாத்துலயும் மண்ணு. நீ எறங்க வேணாம்லே."

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பொட்டலத்தை மூடி போட்ட டப்பாவில் அடைத்துவிட்டு இறங்கிப் போனான். படகிலிருந்து கரை எண்பது மீட்டர். இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வழுக்கி விழவேண்டும் என்று மனதார நினைத்தேன். விழவில்லை. திரும்பியபோது கையில் ஒன்றும் இல்லை. நானாக இருந்தால் ஒரு கல்லையாவது பையில் போட்டிருப்பேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி முதல் மார்ச் வரை கடல் அடங்கியிருக்கும். படகிலிருந்து பார்க்கத்தான் முடியும், அதுவே கண்கொள்ளாது. துவைத்த துணியோடு போங்கள். தீவுக்குப் போகும் படகில் மண், விதை, பழம் எதுவும் வேண்டாம்.

ஊர் திரும்பியதும் வகுப்பில் கேட்டார்கள். எரிமலையில் ஏறினேன் என்று சொல்லிவிட்டேன். மறுவருஷம் லீவில் வந்த செய்யதை எங்கள் தலைமையாசிரியர் வகுப்புக்கு அழைத்துவந்தார். ஒரு மாணவி எழுந்து, "எங்க சார் மலையில எம்புட்டுத் தூரம் ஏறுனாக?" என்றாள். நான் மேஜைமேல் இருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.

"ஒங்க சாரா? அவுகதான் மொதல்ல ஏறுனாக. நான் பின்னாலயே போனேன்" என்றான் செய்யது.

வகுப்பு கைதட்டியது. அவன் தீவில் இறங்கியதற்குப் பட்ட பொறாமை எப்போதோ ஆறிவிட்டது. அந்தப் பதிலை அவ்வளவு சுலபமாக அவனால் சொல்ல முடிந்ததே, அந்தப் பொறாமை மட்டும் இன்றுவரை ஆறவில்லை.