அலுமினியம் சல்பேற்றில் ஒரு பரிசோதகர்

அரசாங்கத்தில் ஓர் ஆசிரியையை நிரந்தரமாக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. மூன்று வருடம் தகுதிகாண் காலம். முடிவில் ஒரு பரிசோதகர் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் அவர் எழுதும் ஒரு வரிதான் நம் வேலையைத் தீர்மானிக்கும். எழுபதுகளின் கடைசியில், இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், எனக்கு அந்த நாள் வந்தது. படிவங்கள் எல்லாவற்றையும் மூன்று பிரதிகளில் நிரப்பி வைத்திருந்தேன். பிள்ளைகளை மட்டும் அப்படிப் பிரதியெடுத்து வைக்க முடியவில்லை. இரண்டு நாள் மழையில் ஆறு பெருகிவிட்டதால் பத்தொன்பது பேரில் நான்கு பேர்தான் வந்தார்கள்.

பாடம், அலுமினியம் சல்பேற்றின் சூத்திரம். ஒவ்வொன்றும் எத்தனை பிணைப்புக் கொள்ளும் என்ற வலுவளவுகளைக் குறுக்கே மாற்றிப் போடச் சொல்லும் பாடநூல். போட்டால் விடை வரும். ஏன் என்பது வராது. ஆகவே நான் சில வாரங்களாகவே பிள்ளைகளையே அயன்களாக நிறுத்திப் பழக்கியிருந்தேன். வலுவளவு ஒன்றுக்கு ஒரு கை. சோடியத்துக்கு ஒன்று, சல்பேற்றுக்கு இரண்டு. அலுமினியத்துக்கு மூன்று கை வேண்டும். மனிதருக்கு அத்தனை இல்லை. ஒரு சிறுமிதான் வழி கண்டாள். அம்மாவின் கொழுந்துக்கூடைக் கயிற்றைக் கொண்டுவந்து, கூடை சுமப்பதுபோல் தலையில் மாட்டி, நுனியைத் தொங்கவிட்டாள்.

"இதான் மூணாவது கை, டீச்சர்."

விதி ஒன்றே ஒன்று. தோட்டத்து ஆட்களைக் கூட்டும் காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது கங்காணி போடும் அதே விதி: ஒருத்தர் கையும் சும்மா இருக்கக் கூடாது. சூத்திரத்துக்கு ஆள் போதாவிட்டால், அறையில் கை சும்மா இருப்பவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பரிசோதகர் யாழ்ப்பாணத்துக்காரர். கழுத்துப்பட்டி, வெள்ளைக் காற்சட்டை, நனைந்த சப்பாத்து. பின்வரிசை வாங்கில் அமர்ந்து என் பாடக்குறிப்பை எழுத்தெழுத்தாகப் படித்தார். பிழை அகப்படாததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்று தோன்றியது.

இரண்டு சிறுமிகள் கயிறு மாட்டி அலுமினியமானார்கள். இரண்டு பையன்கள் சல்பேற்று. நால்வரும் கைகோத்து வட்டமானார்கள்; அந்த வட்டம்தான் சேர்வை. இரண்டு கயிறுகள் மிச்சம்.

"டீச்சர், கயிறு சும்மா தொங்குது."

"இன்னொரு சல்பேற்று வேணும்டா. யாரு இருக்கா?" ஒரு பையன் அறையைச் சுற்றிப் பார்த்தான்.

என் ஒரு கையில் சுண்ணக்கட்டி, மறுகையில் துடைப்பான். அந்த நேரம் பார்த்துப் பரிசோதகர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"சேர் கை சும்மாதான் இருக்கு!"

நான் வாயைத் திறப்பதற்குள் வட்டம் முழுவதும் நகர்ந்து அவர் முன்னால் போய் நின்றது. இரண்டு அலுமினியங்களும் தலையைக் குனிந்து கயிற்றை நீட்டின.

"என்ன பிள்ளையள் உது? நான் என்ன செய்ய வேணும்?"

"பிடிங்க சேர். நீங்கதான் மூணாவது சல்பேற்று."

எழுந்து பிடித்தார். ஏன் பிடித்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மாட்டுவண்டி ஓட்டுபவரைப்போல இரண்டு கயிறுகளோடும் நின்றுகொண்டு, பரிசோதகராகவே கேட்டார்.

"சரி. சல்பேற்றை ஏன் அடைப்புக்குறிக்குள்ளை போடுறியள்?"

"அது ஒரே வீட்டு ஆளுங்க சேர், பிரிஞ்சு வராது. மூணு வீடுன்னா, வேலி போட்டு வெளியதான் மூணுன்னு எழுதணும்."

தலையசைத்தார். அசைத்த தலை பாதியில் நின்றது.

"என்ரை காலிலை என்னவோ ஊருது!"

"அட்டை, சேர்! அசையாதீங்க!"

அசைந்தார். ஆடினார் என்று சொல்வதே சரி. ஒற்றைக் காலில் அவர் குதிக்க, கயிறு இழுபட்டு அலுமினியங்கள் சுழல, அலுமினியங்கள் இழுத்த இழுப்பில் பையன்கள் சுழல, ஒரு வாங்கு கவிழ்ந்தது.

"விட்றாதீங்க சேர், சேர்வை உடைஞ்சிரும்!"

அவரும் விடவில்லை. நான் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் வேலை போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தேதான் சிரித்தேன்.

அட்டைக்கு மருந்து உப்பு. தேயிலைக்குள் குறுக்குப்பாதையில் வரும் பிள்ளைகள் ஒரு துணி முடிச்சில் உப்பு வைத்திருப்பார்கள். ஒரு பையன் கையை உதறிக்கொண்டு வந்து, முடிச்சோடு அவர் காலடியில் உட்கார்ந்தான். பரிசோதகர் காலைப் பின்னால் இழுத்தார்.

"பொறு. உதின்ரை சூத்திரம் என்ன?"

"என் ஏ சீ எல், சேர்."

"ஏன், ரெண்டு குளோரைட்டு வராதோ?"

"சோடியத்துக்கு ஒரு கைதானே சேர்! சீக்கிரம் காலைக் காட்டுங்க, அது குடிச்சுக்கிட்டே இருக்கு!"

"ம். சரி, போடு."

அட்டை விழுந்தது. ஒரு காற்சட்டைக் கால் முழங்கால்வரை மடிந்திருக்க, அவர் சம்பவத் திரட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். பள்ளி அதிபர் கையொப்பமிடும்வரை ஆசிரியர் அதைப் படிக்கக் கூடாது என்பது முறை. தலைகீழாகப் படிக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

"பாடம் குறிப்பின்படி ஆரம்பமானது. மாணவர்கள் சூத்திரங்களை நன்கு விளங்கியுள்ளனர். ஆசிரியையைச் சேவையில் நிரந்தரமாக்கலாம்."

கடைசி வரியை மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று மூன்று தடவை படித்தேன். பாடம் ஆரம்பமானது என்று மட்டும் எழுதியிருந்தார். எப்படி முடிந்தது என்பதை விட்டுவிட்டார். நேர்மையான மனிதர்.