லண்டனில் குடியிருந்த பணம்

ஆல்பனி போகும் பேருந்தில் ஓர் அண்ணா தினமும் என் பக்கத்தில் உட்காருவார். காதை மூடிய கம்பளித் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. இறங்கும்வரை கைபேசியில் லண்டன் வங்கிகளின் வட்டியை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். அங்கே வாழ்ந்தபோது வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போட்ட பணம். எந்த வங்கி கால் சதவீதம் கூடக் கொடுத்தாலும் கணக்கை அங்கே மாற்றிவிடுவார். குடும்பம் இங்கே ஹில்ஸ்பரோவில் வாடகை வீட்டில் இருந்தது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். அதுவும் கணக்கியல். சும்மா இருப்பேனா?

“அண்ணா, இங்க குடியிருந்தா அந்த வட்டிக்கு இங்க வரி உண்டே?”

“ஓம் தம்பி, கட்டுறன்தானே.”

“அப்போ எடுத்து வீடு வாங்கலாமே?”

“மனிசியும் அதைத்தான் கேக்கிறா. வெளியில எடுத்தா இங்க இருந்துகொண்டு திரும்பப் போடேலாது, தம்பி. வரியில்லாக் கணக்கெல்லோ!”

போன வாரம் வீட்டுக்காரர் அவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

“இப்பவாவது எடுங்கண்ணா.”

“இப்பவோ? நேற்றுத்தானே நல்ல வங்கிக்கு மாத்தினனான்! மாஸி ஏரியாப் பக்கம் மலிவா வாடகை வீடிருந்தா சொல்லும்.”

இப்போதும் பக்கத்துப் பக்கத்தில்தான் போகிறோம். அவர் வட்டி பார்க்கிறார். அவர் குடும்பத்துக்காக நான் வாடகை பார்க்கிறேன்.