சவுரியப்பன் எழுதிய கம்பெனி

பாப்பாரப்பட்டியில் போர்டு எழுதிவந்த சவுரியப்பனுக்கு 1938-இல் வேலை என்று எதுவுமே இல்லை. மாதா கோயில் சுவருக்குச் சாயம் அடிக்கையில் சாரத்திலிருந்து விழுந்து வலது கை ஒடிந்தது. எலும்பு கூடிவிட்டது, நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. ஊரே பரிதாபப்பட்டது. பரிதாபப்பட்டவர்களில் ஒருவராவது எழுத ஒரு பலகை தந்திருப்பாரா என்றால், இல்லை.

தந்தவர் முனியப்ப மேஸ்திரி. காரிமங்கலத்து ஜவுளிக்காரர் மாடி வீடு கட்டப்போகிறார். பிளான் போட்டுக் கட்டும் கம்பெனிக்குத்தான் வேலை தருவாராம். வியாழக்கிழமை பார்க்க வருகிறார். முனியப்பனிடம் கம்பெனி ஏது? அவரும், சுவர் நேராக எழும்புகிறதா என்று நூலில் தொங்கவிட்டுப் பார்க்கும் அவருடைய தூக்குக்குண்டும்தான்.

"பேரும் அடையாளமும் எழுதிக் குடுங்க. படிக்காதவனும் பாத்தவொடனே நம்மளத்தான்னு சொல்லணும்."

"கை நடுங்குதுங்களே."

"கண்ணு நல்லாத்தான இருக்குது?"

சிங்கத்தையும் கிரீடத்தையும் கடைக்காரர்கள் எப்போதோ பிடித்துக்கொண்டார்கள். அதனால் சவுரியப்பன் தூக்குக்குண்டையே அடையாளமாக எடுத்தார். எழுத்து ஒருவழியாக வந்தது. குண்டும் வந்தது. குண்டைத் தாங்கும் நூல்தான் வரவில்லை. மரச்சட்டம் வைத்து இழுத்தாலும் பிரஷ் துள்ளியது. புதன்கிழமைக்குள் நாலு தடவை அழித்தார். கோணல் நூல் போட்ட மேஸ்திரிக்கு யார் வீடு கொடுப்பார்கள்? நம்பி வந்தவர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் முனியப்பன் வந்தார்.

"நெசக் குண்டையே தொங்கவுட்டா சரியாப்போயிருமுங்க" என்று ஆரம்பித்த சவுரியப்பன் பாதியில் வாயை மூடிக்கொண்டார். தன் தூக்குக்குண்டை உடன்பிறந்தவனுக்கே எந்தக் கொத்தனாரும் இரவல் கொடுக்கமாட்டார். அதைப் போய்க் கேட்பதா?

முனியப்பன் பலகையைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து பித்தளைக் குண்டை எடுத்துச் சவுரியப்பன் கையில் வைத்தார். "ஆணிய நீங்களே அடிங்க. நான் வேற வாங்கிக்கறன்."

மறுநாள் ஜவுளிக்காரர் பலகையை விரலால் சாய்த்துப் பார்த்தார். பலகை சாய்ந்தது, நூல் நேராகவே நின்றது. மறுபக்கமும் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வீட்டு வேலை முனியப்பனுக்கே கிடைத்தது.

குண்டுக் கம்பெனி என்றே அப்புறம் ஊர் சொன்னது. அந்த வருஷம் ஆயுத பூஜையில் கரணை, மட்டப்பலகை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்த முனியப்பன் சவுரியப்பன் பக்கம் திரும்பினார்.

"உங்க பிரஷ்ஷக் குடுங்க."

"நான் வேதக்காரனுங்களே, மாதா கோயிலுக்குப் போறவன்."

"வேதக்காரனாவே இருங்க, ஆருங்க வேண்டாங்கறது? பிரஷ்ஷு நம்ம கம்பெனிதுங்க."

சவுரியப்பன் நடுங்குகிற கையாலேயே பிரஷ்ஷை நீட்டினார்.