சிக்கெடுக்கும் பாட்டு

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று எனக்குப் பெயர் வந்தது நைனார்பாளையத்தில் நான் பில் போடும் உரக்கடையில். கடை கம்ப்யூட்டர் நின்றுபோனால் பிளக்கைப் பிடுங்கி, மனதுக்குள் பத்து எண்ணி, மறுபடி சொருகுவேன். ஓடிவிடும். இருபது வருடமாக என் வித்தை இவ்வளவுதான். ஆனால் முதலாளியிலிருந்து மூட்டை தூக்குகிறவர் வரைக்கும் எல்லாரும் என்னை நம்பினார்கள். கடைசியில் நானும் என்னை நம்பிவிட்டேன். அது என் மனைவியின் தலையில் வந்து விடிந்தது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். யூரியா வாங்க வருகிறவர்கள்கூட யாருக்கு எவ்வளவு சதவீதம் என்றுதான் பேசிக்கொண்டிருப்பார்கள். நாளைக்கு பஸ் ஓடுமா ஓடாதா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அந்த மார்கழியில்தான் என் மனைவியின் கழுத்தில் இருந்த தைராய்டு கட்டியை எடுத்தே ஆகவேண்டும் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கட்டியை ஒட்டியே குரலுக்குப் போகிற நரம்பு ஓடுகிறதாம். பார்த்துத்தான் எடுப்போம், ஆனாலும் குரல் மாறிப்போகலாம், மேலே எழும்பாமல் போகலாம் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது உளுந்தூர்பேட்டை தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள். ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அந்தப் பாட்ட மட்டும் எடுத்து வச்சிடணுங்க."

எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பாட்டு என்றால் ஒன்றுதான். எங்கள் மகளுக்குச் சின்ன வயதில் அடர்ந்த சுருட்டை முடி. தலை சீவ உட்காரவைத்தால் தெருக்கோடி வரைக்கும் ஓடுவாள். அவளை ஓடாமல் உட்காரவைக்க இவளே கட்டிய பாட்டு அது. இவள் பிறந்தது கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம். அதனால் பாட்டு முழுக்க அந்த ஊர் மலையும் கோமுகி ஆறும்தான் வரும்.

கோமுகித் தண்ணியில குளிச்ச தலையிது
கொஞ்ச நேரம் குந்திக்கோ கோணி நிக்காதே
மலைமேல பூத்த பூவ மடியில் கட்டியாறேன்
மண்டைய ஆட்டாதே மயிலே ஓடாதே

மூன்றாவது வரியில் 'மலைமேல' என்று குரல் விருட்டென்று மேலே ஏறும். மகள் அங்கேதான் அசையாமல் கேட்பாள். பெரிய சிக்கை எல்லாம் அந்த இடத்தில்தான் எடுப்பாள் இவள். இப்போது மகளுக்கு ஏழாம் மாதம், இருப்பது பெங்களூரில். பிறக்கப்போகும் குழந்தைக்கு இந்தப் பாட்டு வேண்டும், பழைய குரலிலேயே வேண்டும். இவள் கேட்டது அவ்வளவுதான்.

போனிலேயே பாடி அனுப்பச் சொல்லுப்பா என்றாள் மகள். எனக்கு வந்ததே கோபம். வாழ்நாளுக்கு ஒரு தடவை எடுக்கிற பாட்டைப் போனிலா எடுப்பார்கள்? கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒரு மைக்கும், மைக்கைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற ஒரு கறுப்புப் பெட்டியும், காதை மூடுகிற ஹெட்போனும் வாங்கிவந்தேன். மகள் படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பரண்மேல் இருந்தது. பேட்டரி செத்துப் பல வருடமாகிறது, சார்ஜரைச் சொருகினால்தான் உயிர் வரும். அதில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை ஏற்றினேன். ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருந்தது.

முதல் மூன்று நாள் மைக்கைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. பிளக்கைப் பிடுங்கிப் பத்து எண்ணினேன், நூறும் எண்ணிப் பார்த்தேன். நான்காவது நாள் தானாக வேலை செய்தது. எதனால் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் அன்றைக்கு எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டிக்கொண்டேன்.

அடுத்து அவள் பாட உட்கார்ந்தாள், ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நின்று நின்று பாடினாள். ஏன் இழுக்கிறாய் என்று அதட்டினேன். பின்னாடியே யாரோ பாடிக்கினு வராங்க, அவங்க முடிக்கட்டும்னு நிக்கறேன் என்றாள். ஹெட்போனை வாங்கி மாட்டிப் பார்த்தேன். நான் 'ஹலோ' என்றால் அரை நொடி கழித்து இன்னொரு 'ஹலோ' வந்தது. அவள் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றிவிட்டுத் தாமதமாக அவள் காதுக்கே திரும்பியிருக்கிறது. அவளும் மரியாதையாக அதற்கு வழிவிட்டிருக்கிறாள். பஃபர் என்ற இடத்தில் ஒரு எண்ணைக் குறைத்தால் தாமதம் குறையும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். குறைத்தேன். தாமதம் போனது, சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று சத்தம் வந்தது. ஏற்றினால் தாமதம், இறக்கினால் பொரி. ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி ஒரு நாள் போனது. கடைசியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டே பாடுகிறேன் என்று அவள் சொன்னாள். எல்லாம் சரியாகிவிட்டது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

அதன்பிறகு 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். அவள் பாடினாலும் பாடாவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன். மைக்கின் ஒயரை மாற்றினேன். ஃபேனை, ஃபிரிட்ஜை, வாசல் பல்பை எல்லாம் அணைத்தேன். இரைச்சல் நகரவில்லை. மிஷினைத் தொட்டா சுர்ருங்குது என்று அவள் இரண்டு முறை சொன்னாள். உனக்குக் கை ஈரம் என்று தள்ளிவிட்டேன். வேறு வழியில்லாமல் வயர்மேனுக்குப் போன் போட்டேன். ரிஷிவந்தியத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள், வரமுடியாது என்றார். விஷயத்தைச் சொன்னதும், "எர்த்து காஞ்சிருக்கும், ஒரு பக்கிட்டு தண்ணி ஊத்துங்க" என்று போனை வைத்துவிட்டார்.

கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறாரே, இவருக்கு வெயில் ஏறிவிட்டதா என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. பின்கட்டில், கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் கம்பி புதைத்த குழியில் முன்பெல்லாம் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போய் விழும். போன வருடம் நான்தான் அங்கே சிமெண்ட் ஷீட் போட்டு, குழாயையும் வேறு பக்கம் திருப்பிவிட்டேன். மழை பெய்தாலும் அங்கே ஒரு சொட்டு இறங்காது. அவள் ஒரு பக்கெட் நிறைய தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள். மண் உஸ்ஸென்று குடித்தது. திரும்பி வந்து கேட்டோம். இரைச்சல் கிட்டத்தட்ட அடங்கியிருந்தது. பத்து நாளில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இன்னும் ஒரு தொல்லை பாக்கி இருந்தது. வெறுங்கையோடு உட்கார்ந்தால் அவளுக்கு வரி மறந்துபோனது. கையில் சீப்பு கொடுத்தேன், அப்போதும் வரவில்லை. தலை வேண்டும் என்றாள். வீட்டில் இருந்த இன்னொரு தலை என்னுடையதுதான். அதில் இருப்பதும் காதோரம் கொஞ்சம், பிடரியில் கொஞ்சம். மைக்குக்கு முன்னால் நான் தரையில் உட்கார, அவள் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, இல்லாத சிக்கை எடுத்துக்கொண்டே பாடினாள். மவுஸைப் பிடித்தபடி நான் மண்டையை ஆட்டாமல் இருந்தேன். 'மலைமேல' என்று அவள் ஏறினாள். இந்தக் குரல் இன்னும் மூன்று நாளைக்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு நிஜமாக உறைத்தது. முழுசாக, ஒரு பிசகும் இல்லாமல் பாடி முடித்தாள். பதிவும் ஆகியிருந்தது. பழைய சோதனைப் பதிவுகளை எல்லாம் குப்பை என்று அன்றே அழித்தேன்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் மறியல். கடையும் திறக்கவில்லை. பொழுது போகாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டேன். சீப்பு உரசுவது கேட்டது. நடுவில் ஒரு காக்கா. அடியில் அந்த இரைச்சல் லேசாக இன்னும் இருந்தது. பேரக்குழந்தைக்குப் போகிற பாட்டில் காக்கா எதற்கு? இரைச்சலை நீக்குகிற வசதி அந்த சாஃப்ட்வேரிலேயே இருந்தது. முதலில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து மாதிரி காட்டு, பிறகு நீக்கு என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

எதன் மாதிரி? இருபது வருடம் களைக்கொல்லி விற்றவன் நான். களைக்கொல்லி கேட்டு வருகிறவரிடம் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, என்ன பயிர் என்பதுதான். நெல்லா, கரும்பா, மக்காச்சோளமா? பயிரைச் சொன்னால், அதைக் காப்பாற்றி மற்றதைக் கொல்கிற மருந்தை எடுத்துக் கொடுப்போம். இங்கேயும் அப்படித்தான் என்று எனக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. பாட்டிலேயே நல்ல இடமாகப் பார்த்து, அந்த 'மலைமேல' வரியை இழுத்துப் பிடித்து, இதுதான் பயிர் என்று காட்டினேன். அது கேட்டது களையை. பாட்டு முழுவதையும் பிடித்து, நீக்கு என்பதை அமுக்கினேன். திரையில் மேடும் பள்ளமுமாக இருந்த கோடு வாய்க்கால் வரப்பு மாதிரி சீராகப் படுத்துக்கொண்டது. எவ்வளவு சுத்தம் என்று சந்தோஷப்பட்டேன். போட்டுக் கேட்பதற்குள் வாசலில், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவைத்திருந்த காரின் ஹாரன். ரோடு திறந்துவிட்டார்கள், இப்போதே கிளம்பினால்தான் உண்டு என்று டிரைவர் அவசரப்படுத்தினார். அப்படியே சேவ் செய்து மூடிவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலையில் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகுமுன் என் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"பாட்டு பத்திரமா இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றேன். அப்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது.

கட்டியை எடுத்துவிட்டார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அவளுடைய தங்கை துணைக்கு இருந்ததால் இரண்டு நாள் கழித்து நான் மட்டும் ஊருக்கு வந்தேன். மகளுக்குப் பாட்டை அனுப்பலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். சீப்பு உரசியது. காக்கா கத்தியது. தண்ணீருக்கடியில் யாரோ முனகுவது போல ஏதோ ஒன்று வந்து வந்து போனது. பாட்டு இல்லை. மாற்றியதைத் திரும்பப் பெறுகிற பொத்தானை அமுக்கினேன். மூடித் திறந்தபிறகு அதற்கு எதுவும் நினைவில்லை. பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடி சொருகினேன். இப்படி நான்கு முறை செய்தேன். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு வாரத்துக்குப் பேசக்கூடாது என்று சொல்லி அவளை அனுப்பினார்கள். வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவாள். 'இன்னா காபி இது, கழனித்தண்ணி' என்று முதல் நாளே எழுதினாள். மூன்றாம் நாள் அவள் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். பயிரைக் காட்டியதையும் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். முறத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

அதன்பிறகு நோட்டில் வந்தது எல்லாம் ஒற்றைச் சொல்தான். உப்பு. மாத்திரை. பால். இது கோபமா, டாக்டர் சொன்ன மௌனமா? இரண்டும் ஒரே மாதிரி இருந்தது. அவள் பாத்திரம் வைக்கிற சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. மன்னித்துவிடு என்று நானே நோட்டில் எழுதி வைத்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பி 'தக்காளி' என்று எழுதினாள். கம்ப்யூட்டராவது தப்பு நடந்தால் சிவப்பில் ஏதாவது காட்டும். இவளிடம் ஒன்றும் தெரியவில்லை, பதினோரு நாள் நான் தவியாய்த் தவித்தேன்.

பரிசோதனைக்குப் போய்வந்தோம். இனி மெதுவாகப் பேசலாம் என்றார் டாக்டரம்மா. வழியெல்லாம் அவள் பேசவில்லை. சரி, தீர்ந்தது, இனி காலம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து புடவை மாற்றினாள். பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பின்கட்டில் எர்த் குழியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிதானமாக, மண் குடிக்கக் குடிக்க. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அலமாரியிலிருந்து சீப்பை எடுத்தாள், ஸ்டூலை மைக்குக்கு முன்னால் இழுத்துப் போட்டாள்.

"குந்துங்க. இப்ப எடுங்க."

வேறு யாரோ பேசுகிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். மணலில் கால் வைத்த மாதிரி கரகரவென்று ஒரு குரல். நான் தரையில் உட்கார்ந்தேன். மகள் சொன்னபடி போனையும் பக்கத்தில் ஆன் செய்து வைத்தேன். அவள் பாடினாள். 'மலைமேல' வந்தது. குரல் ஏறப் பார்த்தது, பாதியில் உடைந்தது. சீப்பு என் பிடரியில் அப்படியே நின்றது. பிறகு அதே வரியைக் கீழே, பேசுகிற மாதிரி, தரையோடு தரையாகப் பாடி முடித்தாள். என் தலை அவள் கையில் இருந்ததால் திரும்பி அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாட்டின் நடுவில் ஒரு காக்கா கத்துகிறது. கடைசியில் நான் மூக்கை உறிஞ்சுவது கேட்கிறது. அதை நான் சுத்தம் செய்யவில்லை.