அண்ணி கேட்ட பேர்

என் மேசை மேல் ஒரு கடல் ஓடு கிடக்கிறது. அப்பளம் போலத் தட்டை, நடுவில் ஐந்து இதழ்ப் பூ, விளிம்பில் இரண்டு பிளவு. பழவேற்காட்டில் இதற்கு யாரும் பேர் வைத்ததில்லை. வலையில் வந்தால் திட்டிக்கொண்டே வீசிவிடுவோம். தின்ன முடியாததற்குப் பேர் ஒரு கேடா?

பேர் வைத்தே தீருவேன் என்று நின்றவர் கோட்டையிலிருந்த ஒல்லாந்து வைத்தியர். நான் அவருடைய துபாஷி, அவர் பேச்சை எங்களுக்கும் எங்கள் பேச்சை அவருக்கும் மாற்றிச் சொல்பவன். ஓடு பொறுக்கிக் கொடுத்தது என் அண்ணி. அண்ணனைக் கடல் கொண்டுபோன பிறகு, ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிழைத்தவள். துளையில்லாதது ஒரு சாதி, உள்ளுக்குள் இரண்டு கீறல் இருப்பது இன்னொரு சாதி என்று வைத்தியர் தட்டுத்தட்டாகப் பிரித்து வைப்பார். கீறல் விளிம்பு வரை ஓடிப் பிளந்திருந்ததை மட்டும் உடைந்தது என்று ஒதுக்கினார். அண்ணி விடவில்லை.

"ஒடஞ்சதுன்னா ஓரம் கையக் கீறும் தம்பி. இத்தத் தடவிப் பாக்கச் சொல்லு, வழவழன்னு கீது. உசுரோட எடுத்தாலும் இப்படித்தான் கீது."

வைத்தியர் ஒவ்வொன்றாகத் தடவினார். முகம் மாறியது. இது புதுச் சாதிதான், கண்டெடுத்தவள் பேரையே வைக்கிறேன் என்றார். நான் அதைச் சொன்னதும் அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் பேரு இன்னாத்துக்கு? உங்க அண்ணன் பேரச் சொல்லு. ஒடம்புதான் கரைக்கு வரல, பேராவது இருக்கட்டும்."

எங்கள் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள், அவன் செத்த பிறகும். அதனால்தான் என்னிடம் கேட்டாள். புருஷன் பேரை வைக்கச் சொல்கிறாள் என்று வைத்தியரிடம் சொல்லிவிட்டு, நான் என் பேரைக் கொடுத்தேன். கோட்டையில் எல்லோருக்கும் நான் துபாஷிதான், என் பேர் அவருக்குத் தெரியாது. ஊரில் எல்லோர் வாயிலும் எப்போதும் அண்ணன்தான். நான் அவன் தம்பி, அவ்வளவே. அந்தப் பொறாமை ஒரு நொடியில் வேலையைக் காட்டிவிட்டது. வைத்தியர் எழுதி முடித்து, சரிதானா என்று அவளைப் பார்த்து உரக்கப் படித்தார். அண்ணி என் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள். திருத்துவதென்றால் அண்ணன் பேரை அவளே சொல்ல வேண்டும். மூடிக்கொண்டாள். இல்லையென்று தலையாட்டியிருந்தாலும் அதற்கு அர்த்தம் சொல்ல இருந்தவன் நான்தானே! வைத்தியர் சந்தோஷமாக அவளைக் கும்பிட்டார். ஓடுகள் கப்பலேறின. ஒன்றை எனக்கும் கொடுத்தார், அதுதான் இது.

அதற்குப் பிறகு அவள் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. சாகும்வரை வெறும் துபாஷிதான். ஒல்லாந்தரும் கோட்டையை விட்டுப் போய்விட்டார்கள். இந்த ஓட்டைப் பார்க்கும்போதெல்லாம் என் மூஞ்சியிலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது. பழைய ஆட்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்து, அண்ணன் பேரைத் தெரிந்தவன் இப்போது ஊரில் நான் ஒருவன்தான் மிச்சம். இவ்வளவு எழுதியும், அதை நான் இன்னும் எழுதவில்லை.