கதவுக்கு வெளியே ஒரு தேத்தண்ணி

வீட்டில் பாதுகாப்பில்லை என்று உள்ளூர் கவுன்சில் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டால், அந்த அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் என் வேலை. இருப்பது என்றால் உண்மையாகவே கதிரையில் உட்கார்ந்து இருப்பது. லண்டன் குடும்ப நீதிமன்ற நடைபாதையில் அந்தக் கதிரைகள் எவ்வளவு நோகும் என்று தெரிந்தவர்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், கொஞ்சம் தள்ளி இருங்கள், நானும் வருகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, மொழிபெயர்ப்பாளரும் இல்லை. உள்ளே போனால் வாய் திறக்க அனுமதியும் இல்லை. என் மகனையும் ஒருமுறை கொண்டுபோய்ப் பிறகு திருப்பித் தந்தார்கள் என்பதுதான் இந்த வேலைக்கு எனக்கு இருந்த தகுதி. கைப்பையில் டிஷ்யூவும் ஃபோன் சார்ஜரும் எப்போதும் இருக்கும். டிஷ்யூவை விடச் சார்ஜரைத்தான் அதிகம் கேட்பார்கள்.

பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன். அவளுக்குச் சுகந்தி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஆர் நீங்கள்?

சுகந்தி தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கீழ்த்தள வீட்டில் இருந்தாள். கணவன் அடிப்பான். ஆறு வயது மகள் தர்ஷி அதைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையிடம் சொல்லிவிட்டாள். கவுன்சில் பிள்ளையைக் கொண்டுபோய் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விட்டது. கணவன் அந்த வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. அவனை இவள் முன்பும் அனுப்பிவிட்டுத் திரும்பச் சேர்த்தவள் என்பதால், கவுன்சில் இவளை நம்பவில்லை. அவனுக்கு இவள் கதவைத் திறக்காமல் இருப்பாளா என்பதுதான் கேள்வி. இருப்பாள் என்று நீதிபதி நம்பினால் தர்ஷி வீட்டுக்கு வருவாள்.

நான் முதல் தடவை போனபோது கதவிடுக்கால் பார்த்து என்னையே விசாரணை செய்தாள். லோயரோ என்றாள், இல்லை என்றேன். சோசல் வேர்க்கரோ என்றாள், அதுவும் இல்லை என்றேன். "என்ர பிள்ளையையும் ஒருக்காக் கொண்டு போனவை" என்றேன். "திருப்பித் தந்தவையோ?" என்று கேட்டாள். "தந்தவை." அதன்பிறகு என்னை உள்ளே விட்டு, நான் வாய் திறப்பதற்குள் சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ அக்கா. பிறகு, எப்பிடித் தந்தவை எண்டு சொல்லுங்கோ."

கரண்டியும் கையும்

அம்மாவும் பிள்ளையும் சந்திப்பதற்கென்று ஒரு மையம் இருக்கிறது. அறை நிறையப் பொம்மைகள். மூலையில் ஓர் அலுவலர் இருந்து, நடப்பதையெல்லாம் எழுதுவார். சுகந்தி பெரிய பையோடு வந்தாள். புட்டு, மீன் பொரியல், கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த மிளகாய் வரைக்கும். "இது கலியாண வீடு இல்லை" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

புட்டைக் குழம்போடு குழைத்து அவள் பிள்ளையின் வாயருகே கொண்டுபோனதும் மூலையில் பேனா ஓடத் தொடங்கியது. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏன் ஊட்டித் தீத்த வேண்டும் என்றுதான் எழுதுவார்கள், எனக்கும் எழுதினார்கள். "கரண்டியைக் குடும்" என்று மெல்லச் சொன்னேன். சுகந்தியின் முகம் வாடிவிட்டது. தர்ஷியோ கரண்டியை வாங்கி, ஒரு பருக்கைகூடச் சிந்தாமல் அழகாகச் சாப்பிட்டாள். வளர்ப்பு வீட்டில் நன்றாகத்தான் பழக்கியிருந்தார்கள். தான் இல்லாமலே பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொண்டதைப் பார்த்துக்கொண்டு ஒரு தாய் சிரித்த சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

பாதியில் தர்ஷி கரண்டியை வைத்தாள். மூலையில் இருந்தவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு அம்மாவின் பக்கம் நகர்ந்து இருந்தாள்.

"எனக்குத் தனியச் சாப்பிடத் தெரியும் அம்மா. இப்ப நீங்கள் தீத்திவிடுங்கோ."

வாசற்படி

இனி வருவது எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை. ஒரு பின்னேரம், நல்ல மழை. கணவன் பிள்ளைக்கு ஒரு பொம்மையோடு வந்து வாசலில் நின்றான். உள்ளே விடக்கூடாது என்பது சுகந்திக்குத் தெரியும். விடவில்லை. ஆனால் வீடு தேடி வந்தவனை, அதுவும் நனைந்துகொண்டு நிற்பவனை, வெறுமனே அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. இஞ்சி தட்டிப் போட்டு ஒரு தேத்தண்ணி ஊற்றி, கதவைத் திறந்து, படிக்கு வெளியே நீட்டிவிட்டாள். அவன் படியில் நின்று ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் பார்க்க வரும் கவுன்சில் சோசல் வேர்க்கர் எமிலி குடையோடு வந்து சேர்ந்தாள்.

"அவர் உள்ளுக்கு வரேல்லையே அக்கா" என்று சுகந்தி ஃபோனில் அழுதாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் சுபாவம். நன்றாக ஏசிவிட்டேன். பிறகு அலுவலகத்தில் டோனாவிடம் போய்ப் புலம்பினேன். டோனா இந்த நாட்டுக்காரி, என் மாதிரியே பிள்ளையைப் பறிகொடுத்து மீட்டு, இதே வேலைக்கு வந்தவள். இப்படியும் ஒருத்தி இருப்பாளா, வரக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னவனுக்குத் தேத்தண்ணி கொடுப்பாளா என்று கேட்டேன். டோனா பிஸ்கட்டைக் கடித்தபடி, அவளுடைய மொழியில், இவ்வளவுதான் சொன்னாள்:

"தேநீர்தானே கொடுத்தாள்? நான் என்னுடையவனுக்கு வீட்டுச் சாவியையே கொடுத்தேன்."

நீதிபதி கேட்டது

அந்தத் தேத்தண்ணி அப்படியே நீதிமன்றத்துக்கும் வந்தது. அவன் திரும்ப வந்தால் பொலிசைக் கூப்பிடுவேன் என்று சொல்லச் சொல்லி அவளுடைய வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்திருந்தார். சுகந்தியும் பாடமாக்கி வைத்திருந்தாள். நீதிபதி, கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்: அவர் திரும்ப வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?

சுகந்தி எழும்பினாள். பாடமாக்கியது வரவில்லை. "கூப்பிட வேணும் எண்டு தெரியும். ஆனால் ஒரு ஆள் வாசல்ல நிக்கேக்க கதவைத் திறக்காமல் இருக்கிறது எனக்குக் கஷ்டமா இருக்கு. என்ர பிள்ளைக்காகப் பழகிறன்" என்றாள். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொல்லிவிட்டார். வழக்கறிஞர் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். நீதிபதி எழுதுவதை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் கடினமான உண்மையைச் சொல்லியிருக்கிறீர்கள். பழகுவதற்கு நேரம் தருகிறேன்."

கேத்தில்

ஒரு சனிக்கிழமை காலை. ஹரோவில் மகனைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு வெளியே நின்றேன். சுகந்தி கூப்பிட்டாள், குரல் உள்ளே போயிருந்தது. "அக்கா, அவர் வந்து நிக்கிறார். கதவைத் தட்டுறார்." பொலிசுக்கு ஃபோன் அடிச்சனீரோ என்று கேட்டேன். அடிச்சிட்டன், வருகினமாம் என்றாள். கதவு பூட்டியிருக்கா என்றேன். பூட்டியிருந்தது. எல்லாம் சரியாகச் செய்துவிட்டு எனக்கு ஏன் ஃபோன் அடித்தாள் என்று விளங்கவில்லை.

"தேத்தண்ணிக் கேத்தில் கொதிக்குது அக்கா. நான்தான் போட்டனான், என்னை அறியாமல். கை தன்பாட்டில கோப்பைக்குப் போகுது. என்னோட கதைச்சுக்கொண்டு நில்லுங்கோ."

நின்றேன். புட்டுக்கு மாவை வறுப்பதா அவிப்பதா என்று கதைத்தோம். என் மகன் 'ழ' சொல்லப் படும் பாட்டைக் கதைத்தேன். பின்னால் அவன் அவள் பெயரைச் சொல்லிக் கெஞ்சுவது கேட்டது, பிறகு திட்டுவது கேட்டது. அவள் ஒவ்வொன்றுக்கும் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று எனக்கே பதில் சொன்னாள். நான் மாவை விட்டுக் குழம்புக்குப் போனேன். கடைசியில் புதுக் குரல்கள் கேட்டன. பொலிஸ் வந்து அவனைக் கொண்டுபோனது. சுகந்தி நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அக்கா, இந்தப் பொலிஸ்காரருக்கு எண்டாலும் ஒரு தேத்தண்ணி குடுக்கலாமோ?"

மழை

அந்தச் சனிக்கிழமை நடந்தது நீதிபதியிடம் போனது. தர்ஷி வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு எமிலியும் அழுதாள் என்று சுகந்தி சொன்னாள்; நான் அழுததைச் சொல்ல வேண்டியதில்லை.

போன கிழமை கடைசித் தடவையாக அவர்களைப் பார்க்கப் போனேன். தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனில் இறங்கும்போதே மழை பிடித்துவிட்டது. குடை இல்லை. மணியை அடித்தேன். உள்ளே சின்னக் கால்கள் ஓடி வந்தன. தர்ஷி ஆரெண்டு கேட்டாள், அன்ரி என்றேன். அன்ரி எண்டால் எந்த அன்ரி என்றாள். பெயரைச் சொன்னேன். கதவு அசையவில்லை. "அன்ரி நல்லா நனையிறன் பிள்ளை" என்று குழைந்து பார்த்தேன்.

"ஓம் அன்ரி, தெரியுது. அம்மா கையைக் கழுவிட்டு வந்து ஆரெண்டு பாத்துத்தான் திறப்பா. அதுவரைக்கும் அங்கேயே நில்லுங்கோ."

பூட்டிய கதவுக்கு முன்னால் தொப்பலாக நனைந்துகொண்டு, எங்கள் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று பல்லை இளிப்பவர்கள் இந்த ஊரில் எங்களை விட்டால் வேறு ஒருவரும் இருக்கமாட்டார்கள்.