பாஸ்போர்ட் வாங்கிய பன்றிக்கறி

வூச் நகரத்தில் ரெனாத்தா ஸரெம்பா என்ற பெயர் தெரியாதவர்கள்கூடக் 'கறிக்காரம்மா' என்றால் தலையாட்டுவார்கள். டிராமில் டிக்கெட் கேட்பவன் அவளைப் பார்த்தால் அவளுடைய கறிப் பாட்டை விசிலடிப்பான். ஒரு தடவை பல் டாக்டர் அவள் வாயில் இடுக்கியை விட்டுக்கொண்டே அதை முணுமுணுத்தார். வாயைத் திறந்துவைத்துக்கொண்டு திட்டவும் வழியில்லை. முப்பது வருஷம் மேடையில் நின்று நூற்றிநாற்பது பாட்டு எழுதியவளுக்குக் கிடைத்த பட்டம் இது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவள் அம்மா கெனோவேஃபா நெசவு மில்லில் வேலை பார்த்தவள். தறிச் சத்தத்தில் நாற்பது வயதுக்குள் இரண்டு காதும் போய்விட்டது. மகள் பாட ஆரம்பித்தால் மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவள் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். "ம், பாடு" என்பாள். தப்பாகப் பாடினால் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். கன்னத்தில் லேசாக ஒரு தட்டு விழும்.

ரெனாத்தா மில் ஆபீஸில் டைப்படித்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டு, மூடிக்கிடந்த ஒரு மில்லின் கொதிகலன் அறையில் எழுபது நாற்காலி போட்டு நடந்த காபரேயில் சேர்ந்தாள். காபரே என்றதும் இறகு வைத்த உடுப்பையும் ஆட்டத்தையும் யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பியானோ, கறுப்புக் கவுன் போட்ட ஒருத்தி, நாட்டு நடப்பை நக்கலடிக்கும் பாட்டு, அவ்வளவுதான். பியானோவுக்கு ஸிகா என்றொரு ஒல்லிப்பிச்சான். குடிக்காத நாளில் நன்றாக வாசிப்பான்.

எந்தப் பாட்டை எழுதினாலும் இரண்டு பிரதி டைப்படித்துத் தணிக்கை அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். அங்கே ஒலேசுக் என்று ஓர் அதிகாரி. காதோரம் நரைத்த, இருமல்காரர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவரைத் தாண்ட காபரேக்காரர்களிடம் ஒரு தந்திரம் இருந்தது. அதற்குப் பெயர் நாய்க்குட்டி. உண்மையில் பாட நினைக்கும் பாட்டோடு, வேண்டுமென்றே வம்பான இன்னொரு பாட்டையும் சேர்த்து அனுப்புவார்கள். அதிகாரி அந்த நாய்க்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடுவார். வெட்டவேண்டியதை வெட்டிய திருப்தியில் மற்றதை விட்டுவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் ரெனாத்தா எட்டு மாதம் உட்கார்ந்து 'அம்மாவின் மௌனம்' எழுதினாள். அதுவரை எழுதியதெல்லாம் சும்மா, இதுதான் தன் பாட்டு என்று அவளுக்குத் தோன்றியது. ஸிகாவிடமும் அப்படித்தான் சொன்னாள். அம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்து, பாடும்போது மேடையை விட்டு இறங்கி, அந்தக் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு முடிக்க வேண்டும். இதுதான் திட்டம். அதுவரை வீட்டில் அந்தப் பாட்டில் ஒரு வரிகூடப் பாடமாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஒத்திகை முழுவதும் கொதிகலன் அறையில்தான்.

இதற்கொரு நாய்க்குட்டி வேண்டுமே. அந்த ஜூனில்தான் அரசாங்கம் கறி விலையை ஏற்றி, ஊர்கள் கொதித்ததும் மறுநாளே இறக்கியிருந்தது. கறி என்ற சொல்லைக் கேட்டாலே அதிகாரிகளுக்குக் காய்ச்சல் வந்த நேரம். கசாப்புக்கடை வரிசையில் நின்றபடியே அரை மணி நேரத்தில் எழுதினாள். டின்னில் ஏறி வெளிநாட்டுக்குப் போகிற பன்றித்தொடையைப் பார்த்து, வரிசையில் நிற்கிற ஒருத்தி பாடுகிறாள்:

*கறியே கறியே, யாரு குடுத்தா பாஸ்போர்ட்டு?*
*ஒம்பது வருஷமா நான் மனு போடுறேன், நீ ஏறிட்டியே கப்பலு!*

இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நடையில் காத்திருந்தாள். பதற்றத்தில், டைப்படிக்கும் பெண்ணிடம் அம்மாவின் கையைப் பற்றியும் மாவைப் பற்றியும் கன்னத்துத் தட்டைப் பற்றியும் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒலேசுக்கின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது.

காகிதங்கள் திரும்பி வந்தன. கறிப் பாட்டின் மேல் அழகாக முத்திரை. 'அம்மாவின் மௌனம்' மீது மூலைக்கு மூலை சிவப்புப் பென்சில் கோடு. காரணம் எழுதும் வழக்கம் அங்கே கிடையாது.

ஸிகா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நாயை உள்ள விட்டுட்டு வீட்டுக்காரியை வெளிய நிறுத்திட்டாண்டி" என்றான்.

கறிப் பாட்டு பற்றிக்கொண்டது. ஆள் விட்டு ஆள் ஒலிநாடாவில் பதிந்துகொண்டு, கிதான்ஸ்க் கப்பல்துறை வரைக்கும் போய்விட்டது. எழுபது நாற்காலிக்கு இருநூறு பேர் வந்தார்கள். ரெனாத்தா வேறு எதைப் பாடினாலும் மரியாதைக்குக் கைதட்டிவிட்டு, கறி எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். ஒரு நாள் அம்மா சொல்லாமல்கொள்ளாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, கையை நீட்டிப் பியானோவின் பக்கப்பலகையில் வைத்துக்கொண்டாள். ஜனம் காலால் தரையைத் தட்டத் தட்ட, அவளும் தோள் குலுங்கச் சிரித்தாள். இந்தக் கழிசடைக்கா வந்தாய் என்று ரெனாத்தாவுக்கு ஆத்திரம். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

ஆண்டுக்கு ஒரு தடவை தலைப்பை மாற்றி 'மௌனத்தை' அனுப்பினாள். ஆண்டுக்கு ஒரு தடவை சிவப்புக் கோடு வந்தது. எண்பத்து மூன்றில் அம்மா செத்துப்போனாள். மேடைக்கு என்று பொத்திவைத்த பாட்டு பொத்தினபடியே இருந்தது.

தொண்ணூறில் தணிக்கை அலுவலகத்தையே மூடிவிட்டார்கள். ரெனாத்தா புதுக் கவுன் தைத்துக்கொண்டாள். 'பதினான்கு வருஷம் தடைசெய்யப்பட்ட பாட்டு' என்று பத்திரிகையில் போட்டார்கள். பாடினாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள், கல்லறைக்கு முன்னால் நிற்பதுபோல. கைதட்டினார்கள். உட்கார்ந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சரிம்மா, இப்ப கறியைப் பாடுங்க."

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சு. பாட்டு சூடாக இருந்தபோது அந்தப் பாவி அதைக் கொன்றுவிட்டான், ஆறிப்போனதை யார் தொடுவார்கள்? கேட்டுக் கேட்டு ஸிகாவுக்குக் காது புளித்தது.

நான்கு வருஷம் கழித்து, ஊருக்கு வெளியே வீட்டுத்தோட்டத்துக்காகத் துண்டு துண்டாகப் பிரித்த நிலத்தில் அவளுக்கு ஒரு துண்டு கிடைத்தது. முதல் நாள் காலை மண்வெட்டியோடு போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பி வைத்த கிழவர் ஒருவர் பழச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இருமலைக் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நல்ல காலம், நடுவில் வேலி இருந்தது. பதினெட்டு வருஷம் வயிற்றில் வைத்திருந்ததை எல்லாம் அவள் கொட்டினாள். கோழை என்றாள், அடிமை என்றாள், அம்மாவைக் கொன்றவன் என்றுகூடச் சொன்னாள். பாட்டில் வரும் சங்கிலி என்ற ஒரு சொல் அரசாங்கத்தைக் குத்துகிறது என்றா அவ்வளவு பயம் என்று கேட்டாள். ஒலேசுக் வாளியைக் கீழே வைத்தார்.

"சங்கிலியை நான் கண்டுக்கவே இல்லையேம்மா. அந்த வருஷம் எல்லாப் பாட்டுலயும்தான் சங்கிலி இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு வெட்டினீங்க?"

"நல்லா இல்லை. அதான்."

அவள் மண்வெட்டியோடு வேலியருகே வந்தாள். அவரே தொடர்ந்தார்.

"கறி நாய்க்குட்டின்னு எனக்குத் தெரியாதா? பார்த்ததுமே தெரிஞ்சுது. சிரிச்சுட்டேன். அந்த ஆபீசுல நான் சிரிச்சது அன்னைக்கு ஒரு நாள்தான். அதுக்கு முத்திரை குத்தினதுக்கு மேலதிகாரிங்க என்னை வார்சாவுக்குக் கூப்பிட்டுக் கிழிச்சாங்க, தெரியுமா? மத்ததுல கண்ணீர் கண்ணீர்னு பதினொரு தடவை வருது. சரி, உங்க அம்மாவைப் பத்தி ஏதாவது இருக்கான்னு தேடினேன். நீங்க நடையில நின்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களே, மாவுக் கை, தொண்டை, கன்னத்துல தட்டு. அதுல ஒண்ணுகூடக் காணோம். அதை எழுதிட்டு வருவீங்கன்னு ஒவ்வொரு வருஷமும் பார்த்தேன். நீங்க தலைப்பைத்தான் மாத்தினீங்க."

"நீங்க யார் அதைச் சொல்ல? உங்க வேலையா அது?"

"இல்லைதான்" என்றார் ஒலேசுக். "அது என் வேலை இல்லை. தப்புதான்." வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போனார்.

ரெனாத்தா மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு டிராம் பிடித்து வீட்டுக்கு வந்தாள். கிழட்டுச் சனியன், செய்வதையும் செய்துவிட்டுப் பாட்டு வாத்தியார் வேலையும் பார்க்கிறான் என்று வழியெல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தாள். மேஜை இழுப்பறையிலிருந்து சிவப்புக் கோடு போட்ட அந்தக் காகிதத்தை எடுத்தாள். அவனைப் பொய்யன் என்று நிரூபிக்கத்தான், விரல் வைத்துக் கண்ணீரை எண்ணினாள். பதினொன்று இல்லை, பன்னிரண்டு.

கையைத் தேடினாள். மாவைத் தேடினாள். வைகறை இருந்தது, தாய்மை இருந்தது, சங்கிலி இரண்டு தடவை இருந்தது. எட்டு மாதம் உட்கார்ந்து இதைத்தான் எழுதியிருந்தாள். சமையலறையில் நின்று தன் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்து முதல் வரியைப் பாடிப் பார்த்தாள். இரண்டாவது வரிக்குப் போகவில்லை.

நூற்றிநாற்பது பாட்டில் அம்மா மேடைக்கு முன்னால் வந்து கைவைத்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பியானோ பலகையில் கை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தபடி அவள் கேட்டது கறிப் பாட்டு.